ஒருவன் எழுகிறான், ஊர் கேட்கிறது!

பள்ளிக்கூடம் கட்ட வேண்டா என்று சொல்ல ஒருவன் எழுந்து நிற்கிறான்!

பழைய பள்ளி தீக்கிரையாயிற்று. பிள்ளைகள் படிக்க இடமில்லை. புதிய கட்டடம் எழுப்பியே தீர வேண்டும் என்று ஊரார் ஒருமனத்தோடு இசைகின்ற நேரம். அந்த நேரம் பார்த்து உழவன் ஒருவன் எழுகிறான். செலவு தாங்காது, வரி தாங்காது, ஆகவே வேண்டா என்கிறான்.

சினம் பிறக்கிறதல்லவா, தோழர்களே? நமக்கும் பிறந்தது. நாம் பள்ளி ஆசிரியர், அகவை இருபத்தாறு, கலைக் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் கற்பிக்கும் தொழிலை விரும்பி ஏற்றுக்கொண்டோம். பள்ளி வேண்டா என்பவனைப் பாராட்ட நமக்கு வாய் எழுமா?

ஆனால் அவ்வூரார் என்ன செய்தனர்? "உட்காரடா!" என்று கூவினரா? ஊர்ப்பகைவன் என்று பட்டம் சூட்டினரா? இல்லை. கேட்டனர். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டனர். கேட்டபின், அவன் கருத்தை ஒப்பாமல், தம் முடிவை எடுத்தனர்.

அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில், வெர்மாண்ட் மாநிலத்தில், ஆர்லிங்டன் எனும் சிற்றூரில் நடந்தது இது. அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் நார்மன் ராக்வெல் என்ற ஓவியர். 1941 ஜனவரி 6 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மாந்தர்க்கு வேண்டிய உரிமைகள் நான்கு என்று நாடாளுமன்றத்தில் முழங்கினார். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையினின்று விடுதலை, அச்சத்தினின்று விடுதலை — இவையே அந்நான்கு. இவற்றை ஓவியமாக்க விழைந்த ராக்வெலுக்குப் பேச்சுரிமையை எப்படித் தீட்டுவது என்று தோன்றவில்லை. பேச்சுக்கு உருவம் ஏது? திடுமென அந்த உழவன் நினைவுக்கு வந்தான். தனியனாய் எழுந்து நின்றவன், ஏறிட்டு நோக்கிய முகங்கள், வேறென்ன வேண்டும்? 1943 பிப்ரவரி 20 நாளிட்ட 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் அவ்வோவியம் வெளிவந்தது. நான்கு ஓவியங்களும் ஊர் ஊராக எடுத்துச் செல்லப்பட்டுப் போர்க் கடன் பத்திரங்களாக 13 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தந்தன.

படைகளையும் பீரங்கிகளையும் காட்டி அன்று. எதிர்த்துப் பேசும் ஓர் ஏழை உழவனைக் காட்டி, இதைக் காக்கவே போர் என்றது அந்நாடு. எண்ணிப் பாருங்கள்!

*

அமெரிக்க அரசியல் என்றவுடன் நம் கண்முன் நிற்பது வெள்ளை மாளிகை. அங்கு எவர் அமர்ந்தார், எவர்மீது சீறினார், எந்நாட்டுப் பொருளுக்கு எத்துணை வரி விதித்தார் என்பதே நமக்கு வந்து சேரும் செய்தி. அஃது அரசியலின் கூரை. கூரையைத் தாங்கும் சுவர் எங்கே? மரப்பலகைகளில் அமர்ந்து, கடையிலும் சாலையிலும் பள்ளி அரங்கிலும் நாட்டைப் பற்றி வழக்காடும் எளிய குடிமக்களே சுவர். கூரையை மட்டும் பார்த்துக் கட்டடத்தை மதிப்பிடுவோர் ஏமாறுவர். ஆகவே சுவரைத் தட்டிப் பார்ப்போம். உறுதியான இடமும் உண்டு, உள்ளீடற்ற இடமும் உண்டு.

வெர்மாண்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்து முதற் செவ்வாய், ஊர்க்கூட்ட நாள். பனி உருகத் தொடங்காத பருவம். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ ஊர் மன்றத்திலோ மக்கள் கூடுவர். எவை பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு முப்பது நாளுக்கு முன்பே வெளியாகிவிட வேண்டும். பனி வழிக்கும் வண்டி புதிதாக வாங்குவதா, தீயணைப்பு நிலையத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, நூலகத்துக்கு எவ்வளவு — இவையே பெரும்பாலும் பொருள். நண்பகலில் வீட்டுக்கு வீடு சமைத்துக் கொணர்ந்ததைப் பகிர்ந்துண்பர். உணவு வேளையில் ஒரே மேசையில் அமரும் இருவர், சற்று முன்புவரை எதிரெதிர் நின்று மோதியவராக இருப்பர்.

இங்குப் பேச்சுக்கு விதியுண்டு. எவரும் எதிராளியை நோக்கிப் பேசலாகாது. கூட்ட நடுவரை நோக்கியே பேச வேண்டும். ஒருமுறை பேசியவர், இன்னும் பேசாதவர் வாய்ப்புக் கேட்கும்போது மறுமுறை எழலாகாது. கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தாக்கலாகாது. நடுவர் சொன்ன முடிவில் ஐயம் என்று ஒருவர் எழுப்பினாலும் தலை எண்ண வேண்டும். ஏழு வாக்காளர் கேட்டால் சீட்டெழுதி வாக்கெடுக்க வேண்டும். இவ்விதிகளிற் பலவற்றுக்கு அடிப்படையான நூலை 1876-இல் எழுதியவர் ஹென்றி ராபர்ட் எனும் படைப் பொறியாளர். அவர் 1863-இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க நேர்ந்து, நடத்தத் தெரியாமல் திண்டாடியவர்! திண்டாட்டம் நூலாயிற்று, நூல் நாட்டுக்கே ஒழுங்காயிற்று.

ஆசிரியரான நமக்கு இதில் பெருமகிழ்ச்சி. வழக்காடுவது பிறவிக் குணம் அன்று. கற்க வேண்டிய கலை. கூச்சலிடக் குழந்தைக்கும் தெரியும். மறுப்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கப் பழக்கம் வேண்டும்.

இங்ஙனம் சொல்வதால், அங்கு எல்லாம் பொன்மயம் என்று எண்ணிவிட வேண்டா. வெர்மாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் பிரையன், தம் மாணவரை ஊர் ஊராக அனுப்பி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 1,400-க்கும் மேற்பட்ட கூட்டங்களை எண்ணிக் கணக்கெடுத்தார். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் வாய் திறந்தனர், அவருள் பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றையும் குறித்தார். 2004-இல் நூலாக்கினார். அவர் கண்டது என்ன? சராசரியாக வாக்காளருள் ஐந்தில் ஒரு பங்கினரே வருகின்றனர். ஊர் சிறிதானால் கூட்டம் பெரிதாகிறது. ஊர் பெரிதானால் கூட்டம் சிறுக்கிறது. தன் சொல் ஒன்று முடிவை மாற்றும் என்று தெரிந்தால் மனிதன் வருவான். மாற்றாது என்று தெரிந்தால் வீட்டிலிருப்பான். சோம்பல் என்று மக்களைப் பழிப்பதற்கு முன், அவர்கள் சொல்லுக்கு விலை உண்டா என்று கேட்பதே பகுத்தறிவு.

இப்போது பல ஊர்கள், கூடிப் பேசி முடிவெடுப்பதை விடுத்து, நாள் முழுதும் வந்து சீட்டைப் போட்டுவிட்டுப் போகும் முறைக்கு மாறிவிட்டன. 'ஆஸ்திரேலிய வாக்குச்சீட்டு' என்பர் அதை. வேலைக்குப் போகும் ஏழைக்கும் குழந்தையைக் கையிலேந்திய தாய்க்கும் அதுவே வசதி, மறுக்கவில்லை. எனினும் கேளாமலே தீர்ப்பளிக்கும் வழக்கம் அது. 2024 மார்ச்சில் அம்மாநிலத்துப் பள்ளி வரவுசெலவுத் திட்டங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்காளரால் தள்ளப்பட்டது. ஆசிரியர்க்கான மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறியது. பள்ளி நிதிப் பங்கீட்டுச் சட்டம் மாறியது. சொத்து வரி உயர்ந்தது. உயர்த்திக் கேட்ட பள்ளிக்கும் ஞாயம் உண்டு. தாளாமல் தள்ளிய வீட்டுக்காரனுக்கும் ஞாயம் உண்டு. இரண்டு ஞாயங்களும் ஒன்றையொன்று சந்திக்க ஓர் இடம் வேண்டாவா?

*

பனி வழிக்கும் வண்டி பற்றிப் பேசுவோர்க்கு அணுகுண்டு பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்டவர் உண்டு. 1982 மார்ச்சில் வெர்மாண்டின் 150-க்கும் மேற்பட்ட ஊர்கள், அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்படைக்கலப் பெருக்கத்தை நிறுத்த வேண்டும் என்று ஊர்க்கூட்டத்திலேயே தீர்மானம் இயற்றின. 2006-இல் நியூஃபேன் எனும் ஊர், ஈராக் போரை முன்னிட்டுக் குடியரசுத் தலைவர் புஷ் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் கொணர வேண்டும் என்றது. நகைத்தனர் அரசியல் மேதைகள். சில நூறு பேர் கூடிய மண்டபத்தின் குரல் வாஷிங்டனில் எங்கே கேட்கப் போகிறது என்றனர்.

தோழர்களே, குண்டு விழுந்தால் எங்கே விழும்? மேதைகளின் ஏட்டிலா? இத்தகைய ஊர்களின்மேல்தானே! போருக்குப் பிள்ளையை அனுப்புவோன் போரைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன். அனுப்பச் சொல்வோன் மட்டும் தகுதியுடையவன் — இதென்ன கணக்கு? அதே 1982-இல், ஜூன் 12 அன்று, நியூயார்க் நகரின் நடுப்பூங்காவில் அணுப்படைக்கலத்தை எதிர்த்துப் பத்து இலட்சம் பேர் திரண்டனர் என்று மதிப்பிட்டனர். பலகையில் தொடங்கிய பேச்சு பூங்காவை நிறைத்தது!

*

இனி, சுவரின் உள்ளீடற்ற இடத்துக்கு வருவோம்.

ராக்வெலின் ஓவியத்தை மீண்டும் உற்று நோக்குங்கள். உழவனை ஏறிட்டுப் பார்க்கும் முகங்கள் அத்தனையும் வெள்ளை முகங்கள். அதே 1943-இல் அந்நாட்டின் தென் மாநிலங்களில் கருப்பு நிறத்து உழவன் ஒருவன், அவையில் எழுந்து மறுத்துப் பேசுவது கிடக்கட்டும், வாக்காளர் பட்டியலில் தன் பெயரை எழுதுங்கள் என்று கேட்கவே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. தென் கரோலைனாவில், வாக்காளராகப் பதிய வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். இல்லையேல் மாநில அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கப் பள்ளி தராதவர்கள், படித்துக் காட்டு என்றார்கள்! கண்ணைக் கட்டிவிட்டுக் காட்சியைச் சொல் என்பது போன்ற கொடுமை.

சார்லஸ்டன் நகருக்கு அருகே ஜான்ஸ் தீவு. அங்கிருந்து நகருக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்லும் பேருந்தின் உரிமையாளர் ஈசா ஜென்கின்ஸ். வண்டியோட்டிக்கொண்டே, பயணிகளுக்கு அரசியல் சட்ட வாசகங்களைச் சொல்லிக் கொடுத்தார் அவர். வண்டியே வகுப்பறை! அதன்பின் 1957 ஜனவரியில் அத்தீவில் குடிமைப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. முன்புறம் மளிகைக் கடை, பின்புறம் பள்ளி. கடையை ஏன் முன்னே வைத்தனர்? வெள்ளையர் கண்ணுக்குப் படிப்புத் தெரியாமல் மறைக்க!

முதல் வகுப்பில் வளர்ந்த மாணவர் பதினால்வர். ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன். தொழிலால் சிகை ஒப்பனை செய்பவர். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்றே முதலிற் கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், விவிலியம் படிக்க வேண்டும், அஞ்சலில் பொருள் வரவழைக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றனர். அங்கிருந்து தொடங்கி அரசியல் சட்டம்வரை கொண்டு சென்றார்.

பயிற்சி பெற்ற ஆசிரியரை விடுத்து, சிகை ஒப்பனைக்காரரை ஏன் தேர்ந்தனர்? இங்கேதான் நம் நெஞ்சைத் தொடும் செய்தி இருக்கிறது. இப்பள்ளிகளை வகுத்தமைத்தவர் செப்டிமா கிளார்க் அம்மையார். 1916-இல் இதே ஜான்ஸ் தீவில் ஆசிரியப் பணி தொடங்கியவர். நாற்பதாண்டு கற்பித்தவர். கருப்பு மக்களின் உரிமைக்குப் பாடுபடும் நாடு தழுவிய சங்கத்தில் அரசுப் பணியாளர் எவரும் உறுப்பினராய் இருத்தலாகாது என்று 1956-இல் தென் கரோலைனா சட்டமியற்றியது. சங்கத்தை விட்டு விலகேன் என்றார் அம்மையார். வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. ஆசிரியரை அரசு மிரட்டலாம். சிகை ஒப்பனைக்காரரை எவர் மிரட்டுவது? அவரிடம் வருவோர் அனைவரும் கருப்புப் பெண்கள். அவர் சோறு வெள்ளையர் கையில் இல்லை. ஆகவே அவர் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டாதவரே கற்பிக்க முடிந்தது!

ரூஸ்வெல்ட் எண்ணிச் சொன்ன நான்கினுள் பேச்சுரிமை முதலாவது; அச்சத்தினின்று விடுதலை நான்காவது. ஏட்டில் இரண்டுக்கும் இடையே இடைவெளி உண்டு. வாழ்வில் இல்லை. நான்காவது இல்லாத இடத்தில் முதலாவது வெறும் எழுத்து. சட்டம் வாயைத் திறக்கலாம். வயிறு அதை மூடிவிடும். 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையொப்பமானதற்குப் பின்னே, மளிகைக் கடைகளின் பின்கட்டில் மெழுகுபோல் உருகிய இத்தகைய ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது.

*

இன்றைய அமெரிக்காவில் பேச்சுக்குப் பஞ்சமா? இல்லை, பேசுவோரும் கேட்போரும் ஒரே கூரையின் கீழ் அமர்வதற்குத்தான் பஞ்சம்.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் தம் தொகுதி மக்களை நேரில் சந்தித்து விடை சொல்லும் கூட்டங்கள் அந்நாட்டில் நெடுநாள் வழக்கம். 2009 ஆகஸ்டில், குடியரசுத் தலைவர் ஒபாமா கொணர்ந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்த்து மக்கள் அக்கூட்டங்களில் கொதித்தனர். ஜனநாயகக் கட்சியினர் சிலர் கூட்டத்தைக் கைவிட்டுத் தொலைபேசி வழிக் கூட்டத்துக்கு ஓடினர். 2025 தொடக்கத்தில், டிரம்ப் ஆட்சியின் அரசுப் பணியாளர் குறைப்பையும் செலவுக் குறைப்பையும் எதிர்த்து மக்கள் கொதித்தனர். அந்த மார்ச்சில், நேரடிக் கூட்டங்களைத் தவிருங்கள் என்று குடியரசுக் கட்சியின் கீழவை உறுப்பினர்க்கு அக்கட்சித் தேர்தற் குழுத் தலைவர் அறிவுரை வழங்கினார். கட்சி வேறு, கொள்கை வேறு, ஓட்டம் ஒன்றே! வந்திருப்போர் தூண்டிவிடப்பட்ட கும்பல் என்று இரு காலத்திலும் சொன்னார்கள். தூண்டப்பட்டவனாகவே இருக்கட்டும், அவன் கேட்ட கேள்விக்கு விடை எங்கே?

இதெல்லாம் வெறும் வாய்ச்சண்டை என்று தள்ளிவிட முடியாது. 2025 அக்டோபர் முதல் நாள் தொடங்கி 43 நாள்கள் அமெரிக்க அரசின் அலுவல்கள் முடங்கின. மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்துக்கு அரசு தந்த கூடுதல் உதவியைத் தொடர்வதா, அந்த ஆண்டு இறுதியோடு முடிய விடுவதா என்பதே சண்டை. அந்த நவம்பரில், நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் நம்பியிருந்த உணவு உதவி தடைப்பட்டுத் தாமதமாயிற்று. இதனை அரசியல் என்பதா, அடுப்பங்கரை என்பதா? அடுப்பில் பூனை உறங்கும் வீட்டாரிடம், அரசியல் பேசாதீர் என்று எவர் சொல்ல முடியும்?

எதிர்க்கட்சிக்காரரோடு பேசிப் பயனில்லை. எவரும் மாறார் — இந்நாளில் அங்குப் பலர் சொல்லும் சோர்வுரை இது. இதை ஆய்ந்து பார்த்தனர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள். 2019 செப்டம்பரில், நாடு முழுவதினின்றும் பொறுக்கி எடுத்த 500-க்கும் மேற்பட்ட வாக்காளரை டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகருக்கு அருகே நான்கு நாள் கூட்டிவைத்தனர். குடியேற்றம், மருத்துவம், பொருளியல், சுற்றுச்சூழல், வெளிநாட்டுக் கொள்கை என ஐந்து பொருள். இருபக்க வாதமும் அடங்கிய ஏடு முன்கூட்டியே தரப்பட்டது. சிறுசிறு குழுக்களாய் அமர்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நடுவர். விளைவு என்ன? அகதிகளைக் குறைக்க வேண்டும் என்று வந்த குடியரசுக் கட்சியினர் பலர் அக்கருத்தைத் தளர்த்தினர். பெருஞ்செலவுத் திட்டங்களை ஆதரித்து வந்த ஜனநாயகக் கட்சியினர் பலர் அவ்வாதரவைத் தளர்த்தினர். கட்சி மாறவில்லை, எதிரியின் முகம் மாறிற்று. ஐந்நூறு பேரை விடுதியில் அமர்த்திக் கண்ட விளைவு, முப்பது கோடிக்கும் மிக்க மக்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. மக்கள் மாறவே மாறார் என்பது பொய் — அவ்வளவே மெய்ப்பிக்கப்பட்டது, அவ்வளவே போதும்.

*

இத்துணையும் நமக்கு ஏட்டறிவு மட்டும் அன்று. நம் தமக்கையார் வெர்மாண்டில் ஒரு சிற்றூரில் வாழ்கிறார். அத்தானுக்கு அங்கே பொறியாளர் வேலை. அவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள் அல்லர். பணிக்கென இசைவு பெற்று வாழ்வோர். மகன் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

2025 மார்ச் 4 அன்று அவ்வூர்க் கூட்டம். வாக்கில்லாதோர் ஓரமாகப் போட்ட நாற்காலிகளில் அமர்ந்தனர். பள்ளி நூலகரின் பணியிடத்தைப் பாதியாகக் குறைக்கும் திட்டம் பேச்சுக்கு வந்தது. வாக்கில்லாதவர் பேச வேண்டுமானால் அவையோர் இசைவு வேண்டும். அக்கா கை தூக்கினார்; அவை இசைந்தது; எழுந்தார். ஆங்கிலம் அறியாமல் வந்த தம் மகன், அந்த நூலகர் நாள்தோறும் எடுத்துக் கொடுத்த படக்கதைகளைக் கொண்டே படிக்கக் கற்றான் என்று சொன்னார். இரண்டு நிமிடம். அவ்வளவே.

அன்றிரவு தொலைபேசியில் அவர் குரலில் இருந்த பூரிப்பை எங்ஙனம் எழுதுவோம்!

"தம்பி, எதிர்த்துப் பேசிய பெரியவர் ஒருவர், மாட்டுப் பண்ணை வைத்திருந்தவராம், சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்தார். 'உங்கள் பையன் கதை நன்றாயிருந்தது. என் வரிச்சீட்டையும் ஒருநாள் காட்டுகிறேன்' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்."

"நூலகர் வேலை என்னவாயிற்று, அக்கா?"

"குறைத்துவிட்டார்கள். ஆனால், கேட்டார்களடா! என்னைக் கேட்டார்கள்!"

மூன்று வாரம் சென்றது. மார்ச் 25 அன்று, பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில், சோமர்வில் நகரத் தெருவில், துருக்கி நாட்டு ஆராய்ச்சி மாணவி ஒருவரை, முகத்தை மூடிய சாதாரண உடைக் காவலர் சூழ்ந்து பிடித்தனர். காசாப் போர் பற்றித் தம் பல்கலைக்கழகம் மேற்கொண்ட நிலையைக் கண்டித்து, அதற்கு முந்திய ஆண்டு மாணவர் இதழில் மூவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியவர் அவர். பயங்கரவாத அமைப்புக்குத் துணைபோனார் என்றது அரசு. லூசியானா மாநிலத்துக்குக் கொண்டுபோய் ஆறு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்தனர். கட்டுரையன்றி வேறு சான்று அரசு காட்டவில்லை என்று கண்டு, மே 9 அன்று அவரை விடுவிக்க ஆணையிட்டவர், வெர்மாண்டின் பர்லிங்டன் நகரில் அமர்ந்த கூட்டாட்சி நீதிபதி. அவரை அடைத்து வைத்திருப்பது, குடிமக்களல்லாத பல இலட்சம் பேரின் பேச்சையும் உறைய வைக்கும் என்று அந்நீதிபதி சொன்னார்.

உறைந்தது உண்மையே. அம்மாணவிக்காக அக்காவின் ஊரில் ஒரு வேண்டுகோளுக்குக் கையெழுத்துத் திரட்டினர். வாசலுக்கு வந்தவரிடம் அக்கா, கணவர் வரட்டும் என்றார். கணவர் வந்தபின்னும் கையெழுத்திடவில்லை.

"எழுதக் கை வரவில்லை, தம்பி. கட்டுரை எழுதியவளுக்கே அந்தக் கதி. எனக்கு ஒன்று என்றால் பையனை யார் பார்ப்பது? நூலகர் வேலைக்காகப் பேசினேனே, அது கூட எங்கேனும் குறிப்பில் ஏறியிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது."

கோழை என்பீரா அவரை? நாம் சொல்ல மாட்டோம். அவர் நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் தெரியும். வேலை போனால் ஊர் போகும். ஊர் போனால் பிள்ளையின் பள்ளி போகும். ஜான்ஸ் தீவின் கடைப் பின்கட்டில் மறைந்து படித்தோருக்கு இருந்த அச்சத்தின் தங்கையே இவ்வச்சம். அளவு சிறிது, இனம் ஒன்று.

அதே மாநிலத்தின் தலைநகர் மாண்ட்பீலியர், குடிமக்களல்லாத ஊர்வாசிகளுக்கும் நகரத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை வழங்க விரும்பிற்று. 2021-இல் ஆளுநரின் மறுப்பையும் கடந்து சட்டமன்றம் அதற்கு இசைந்தது. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. உரிமையை விரிக்கும் கையும் அந்நாட்டில் உண்டு; சுருக்கும் கையும் உண்டு. எந்தக் கை வெல்லும் என்பது ஆண்டவன் எழுதிவைத்த ஏடு அன்று. அந்நாட்டு மக்கள் பேசிப் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு.

*

தோழர்களே! அமெரிக்க அரசியல் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம், எந்தத் தலைவர் வென்றார், எந்தக் கட்சி தோற்றது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். குதிரைப் பந்தயம் பார்ப்பவன் கேட்கும் கேள்வி அது. இனி வேறொரு கேள்வியும் கேட்டுப் பழகுவோம். இந்த வழக்கில் பேச வேண்டியவர், ஆனால் பேசாமல் இருப்பவர் எவர்? அவர் வாயை மூடியது சட்டமா, சம்பளமா, கூச்சலா, தெருவில் நின்ற முகமூடியா?

பெரும்பான்மையின் குரல் ஓங்கி ஒலிக்கிறது என்பது குடியாட்சிக்குச் சான்று ஆகாது; சந்தையிலும் அஃது ஒலிக்கும். பிடிக்காததைச் சொல்பவன், அன்றிரவு அச்சமின்றிக் கதவைச் சாத்தி உறங்குகிறானா என்பதே சான்று. பேசுவோர்க்கு நாவன்மை கற்பிக்கப் பல பள்ளிகள் உண்டு. அஞ்சாமையை ஒருவன் தனியே கற்றுக்கொள்ள முடியாது. அக்கம்பக்கத்தில் இருப்போர்தான் அதை அவனுக்கு வழங்க வேண்டும். அவன் கருத்து நமக்கு ஒவ்வாதபோதும் வழங்க வேண்டும். அவனுக்கு நாம் வழங்கினால்தான், நாளை நமக்கு வேறொருவர் வழங்குவார்.